ஒரு சென்ட்டுக்கு எத்தனை சதுர அடி கட்டடம் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்கு வெளியே ஒரு அலுவலகக் கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைத்த செய்தியைப் போன வாரம் நம் பத்திரிகையில் படித்தேன். மொட்டை மாடி முழுக்க சோலார், கழிவுநீரைச் சுத்தம் செய்து செடிகளுக்கு விடுகிறார்கள், வெயில் சூட்டை உள்ளே விடாத கண்ணாடி. எல்லாமே நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் கட்டடத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. வேலைக்கு வருகிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எதில் வருகிறார்கள், மத்தியானம் ஒரு மாத்திரை வாங்க வேண்டும் என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைப் பற்றிச் செய்தியில் ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் இருபத்தாறு வருஷமாகக் கோவையில் கட்டட பிளான் போடுகிறவன், இடம் அளப்பதும் என் வேலைதான். பசுமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிற கட்டடங்களுக்காகச் சுற்றுவட்டாரத்தை அளந்து கொடுக்கிற வேலையும் சில முறை செய்திருக்கிறேன். சான்றிதழ் என்றால் சோலாரும் மழைநீர்த் தொட்டியும் மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த லீட் முறையில் கட்டடம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கும் புள்ளிகள் உண்டு. மொத்தம் 110 புள்ளி, 40 வந்தால் சான்றிதழ், 60 வந்தால் தங்கம், 80 வந்தால் பிளாட்டினம். நான் வேலை செய்த பதிப்புகளில் அக்கம்பக்கத்துக் கட்டட அடர்த்திக்கும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற வசதிகளுக்கும் சேர்த்து 5 புள்ளி. இந்த ஐந்துக்காக ஆட்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நம் நாட்டு ஐ.ஜி.பி.சி., கிரிஹா முறைகளும் இருக்கின்றன, ஆனால் எனக்கு அனுபவம் உள்ளது லீட் கணக்கில், அதனால் அதையே சொல்கிறேன்.

அடர்த்திக்கு ஏன் புள்ளி என்றால் காரணம் ரொம்ப எளிமையானது. ஊருக்குள்ளே காலி இடத்தில் கட்டினால் ரோடு இருக்கிறது, சாக்கடை இருக்கிறது, குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, பஸ் வருகிறது. ஊரை விட்டுத் தள்ளிப் பத்து ஏக்கர் தோட்டத்தை வாங்கிக் கட்டினால் இது அத்தனையும் புதிதாக வர வேண்டும். முதலில் ஆயிரம் அடிக்கு மேல் போர் போடுவார்கள், அதில் தண்ணீர் வற்றினால் லாரி வரும், அப்புறம் ஊழியர்களை ஏற்றிவர சிங்காநல்லூரில் இருந்தும் துடியலூரில் இருந்தும் கம்பெனி பஸ் ஓடும், அதற்குப் பின்னாலேயே பக்கத்துத் தோட்டக்காரரும் பூமியை விற்றுவிட்டு சைட் போடுவார். கட்டடத்துக்குள்ளே எவ்வளவு கரண்ட் மிச்சம் பிடித்தாலும் வாசலுக்கு வெளியே டீசலாகவும் தண்ணீராகவும் நிலமாகவும் அது போய்க்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் அடர்த்திக் கணக்கு.

சரி, அதை எப்படி அளக்கிறார்கள்? சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த அளவு இதற்கு உதவாது. நம் கோவை மாநகராட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எல்லை 105 சதுர கிலோமீட்டர் சொச்சம், 2011 கணக்கெடுப்புப்படி அதில் பத்தரை லட்சம் பேர், அப்படியென்றால் சதுர கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்டப் பத்தாயிரம் பேர். அதே வருஷம் அக்கம்பக்கத்து நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஒரு ஊராட்சியையும் சேர்த்து எல்லையை 257 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அதே கணக்கெடுப்பில் புது எல்லைக்குள் இருந்தவர்கள் பதினாறு லட்சம் பேர், வகுத்துப் பார்த்தால் ஆறாயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. ஒரு குடும்பமும் வீடு மாறவில்லை, ராஜ வீதியில் நெரிசல் கொஞ்சமும் குறையவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது, ஊரின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. எந்த அடர்த்திக் கணக்காக இருந்தாலும் எல்லை எங்கே, எந்த நிலத்தைச் சேர்த்தார்கள், எதைக் கழித்தார்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

லீட்டில் எண்ணுவது ஆட்களை இல்லை, கட்டடப் பரப்பை. 2009-ஆம் வருஷத்து முறையில் ஒரு ஏக்கர் நிலத்துக்கு 60,000 சதுர அடி கட்டடம் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இரண்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற கடைவீதியை மனதில் வைத்துப் போட்ட அளவு அது. நமக்கு ஏக்கர் என்றால் தோட்டம்தான் ஞாபகம் வரும், ஊருக்குள் எல்லாம் சென்ட் கணக்குதான், அதனால் சென்ட்டுக்கு மாற்றிச் சொல்கிறேன். நூறு சென்ட் ஒரு ஏக்கர், அப்போது ஒரு சென்ட்டுக்கு 600 சதுர அடி. டவுன் ஹால் பக்கம் இரண்டு சென்ட் இடத்தில் சந்து விடாமல் கட்டி, கீழே பாத்திரக் கடை, முதல் மாடியில் வீடு, அதற்கு மேலே ஒரு நகைப் பட்டறை என்று நிற்கிற கட்டடத்தை அளந்தால் சென்ட்டுக்கு 1,300 வரும். ஆர்.எஸ்.புரத்தில் இருபது சென்ட்டில் மாமரமும் போர்ட்டிகோவுமாக நிற்கிற பழைய பங்களா 2,500 சதுர அடி இருந்தால் சென்ட்டுக்கு 125 தான். இரண்டுமே ஊருக்கு நடுவில்தான் இருக்கின்றன. ஆக ஒரு கட்டடத்தை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, சுற்றுவட்டாரத்தைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு 2009 முறையில் ஒரு வட்டம் போட வேண்டும். மனையின் பரப்பைச் சதுர அடியில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை மூன்றால் பெருக்கினால் வட்டத்தின் ஆரம், அடியில். ஒரு ஏக்கர் மனைக்கு 626 அடி வரும். இதில் ஒரு விஷயம், மனை எவ்வளவு இருந்தாலும் வட்டம் அந்த மனையைப் போல 28 மடங்குதான் இருக்கும். ஐம்பது சென்ட் மனைக்காரருக்கு 14 ஏக்கர் வட்டம், பத்து ஏக்கர்க்காரருக்கு 280 ஏக்கர் வட்டம். அதாவது சின்ன மனைக்காரர் நாலு தெருவை எண்ணினால் போதும், பெரிய மனைக்காரர் ஒரு ஊரையே எண்ண வேண்டும். இன்னொன்று, வட்டத்தின் கோடு ஒரு மனையை ஓரத்தில் தொட்டாலே அந்த மனை முழுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். கோடு ஒரு பழைய நூல் மில்லின் காம்பவுண்டு மூலையைத் தொடும், உள்ளே இருபது ஏக்கர், அதில் பாதி சீமைக்கருவேல், மீதியில் ஓடு போட்ட ஷெட். அந்த ஒரு மூலையால் மொத்தக் கணக்கும் சரிந்துவிடும். ஊரின் நடுவில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கட்டுகிற நல்ல மனிதருக்கு அடர்த்தி போதாது என்று வரும்.

இதையெல்லாம் பார்த்துத்தானோ என்னவோ, 2013-இல் வந்த நாலாம் பதிப்பில் முறையை மாற்றினார்கள். வட்டம் கிடையாது, மனையின் எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் 400 மீட்டர் தள்ளி ஒரு கோடு, எல்லோருக்கும் ஒரே தூரம். அதற்குள்ளே கட்டத் தகுந்த நிலத்தில் ஏக்கருக்கு 22,000 சதுர அடி இருந்தால் 2 புள்ளி, 35,000 இருந்தால் 3 புள்ளி. நம் கணக்கில் சென்ட்டுக்கு 220, 350. அல்லது வீடுகளையும் மற்ற கட்டடங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டலாம், அதில் வீட்டு நிலத்தில் ஏக்கருக்கு 7 வீடு, கூடுதல் புள்ளிக்கு 12 வீடு வேண்டும். இந்த 220 எவ்வளவு சின்ன எண் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம். நம் மாநிலத்தின் 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கே எப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு, சென்ட்டுக்கு 871 சதுர அடி வரை கட்டலாம். சட்டம் அனுமதிப்பதில் கால்வாசி கட்டியிருந்தாலே 220 வந்துவிடும். மூன்று சென்ட் சைட்டில் 900 சதுர அடியில் ஒரே தளமாகக் கட்டிய வீடு இருக்கிறதே, அந்த மாதிரி வீடுகள் நிறைந்த தெருவில் சென்ட்டுக்கு 300. கணபதியிலோ சௌரிபாளையத்திலோ எந்தத் தெருவில் நின்று அளந்தாலும் இது சுலபமாகத் தேறும். ஆக நம் ஊரில் ஒரு இடம் 220-ஐத் தொடவில்லை என்றால் அது ஊர் இல்லை, தோட்டம்தான்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால், விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே, இரண்டு ஏக்கரில் வரப்போகிற ஒரு கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தை அளந்து தரச் சொன்னார்கள். எல்லையிலிருந்து 400 மீட்டர் கோடு போட்டதும் மொத்தம் 163 ஏக்கர் வந்தது. செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கூரைகளை எண்ணிவிடலாம், ஆனால் கூரைக்குக் கீழே எத்தனை தளம் என்று படத்தில் தெரியாது. அதனால் நானும் கூட ஒரு பையனும் நாலு நாள் நடந்தோம். டேப், நோட்டு, சர்வே நம்பர் போட்ட ஸ்கெட்ச். பாதி தூரம் தார் ரோடு, மீதி கிளுவை வேலி போட்ட இட்டேரி. ஒரு ஓட்டு வீட்டு வாசலில் இரண்டு எருமை கட்டியிருந்தது, சுவரோரம் டேப்பை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒரு வயதான அம்மா வந்து, "ஏங்கண்ணு, ஊட்டு வரி ஏத்தறதுக்கா அளக்கறே?" என்று கேட்டார்கள். "இல்லீங்க ஆத்தா, பக்கத்துல ஒரு கட்டடம் வருது, இங்க எவ்வளவு ஊடு இருக்குன்னு எழுதறோம்" என்றேன். கையைச் சுற்றிலும் நீட்டிக் காட்டி அவர்கள் சொன்னதை நான் நோட்டின் ஓரத்திலேயே எழுதி வைத்தேன்: "ஊடு எங்க கண்ணு இருக்குது, சைட் போட்டுப் பத்து வருசமாச்சு, கல்லுதான் மொளச்சிருக்குது." திரும்பிப் பார்த்தால் உண்மைதான், மஞ்சள் பெயின்ட் அடித்த சைட் கற்கள், நடுவில் ஜல்லி கிளம்பிப்போன ரோடு, கம்பம் இருக்கிறது, கம்பி இல்லை.

கணக்கு முடிந்தது. 163 ஏக்கரில் ரோடுகள் 28 ஏக்கர், குட்டை, ஓடை, பொது உபயோகத்துக்கு ஒப்படைத்த ரிசர்வ் சைட் எல்லாம் சேர்ந்து 15 ஏக்கர். இவற்றைக் கழிக்கலாம், விதியே அப்படித்தான். மீதி 120 ஏக்கர். அதில் நின்ற கட்டடங்களின் மொத்தப் பரப்பு 20,40,000 சதுர அடி, பெரும்பகுதி குடோன்களும் பவுண்டரி ஷெட்களும். வகுத்தால் ஏக்கருக்கு 17,000, சென்ட்டுக்கு 170. தேறவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து வேறு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள், பார்த்தால் என் அட்டவணைதான், ஆனால் கீழே இருக்கிற எண் மாறியிருந்தது. அந்தக் கல் முளைத்த சைட்டும் ஒரு தென்னந்தோப்பும் சேர்த்து 30 ஏக்கரைப் "பசுமைத் திறந்தவெளி" என்று பெயர் போட்டுக் கழித்திருந்தார்கள். 120 போய் 90 ஏக்கர். அதே 20,40,000 சதுர அடியை 90 ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு 22,666. தேறிவிட்டது. ஒரு செங்கல் கூடுதலாக வைக்காமல், காலியாகக் கிடந்த இடத்தைக் கணக்கிலிருந்து எடுத்ததாலேயே அந்த இடம் நெருக்கமான இடமாகிவிட்டது. விதியில் கட்டத் தகுந்த நிலம் என்றால் என்ன என்று தெளிவாகவே இருக்கிறது. பொது ரோட்டைக் கழிக்கலாம், சட்டமே கட்டக் கூடாது என்று தடுத்த நிலத்தைக் கழிக்கலாம். உரிமையாளர் தானாகக் கட்டாமல் வைத்திருக்கிற நிலத்தைக் கழிக்கக் கூடாது, அது கட்டத் தகுந்த நிலம்தான். தென்னந்தோப்பு இன்றைக்கு விவசாய பூமி, நாளைக்கு நில உபயோக மாற்றம் வாங்கினால் சைட். அதைச் சட்டம் தடுத்த நிலம் என்று எப்படிச் சொல்வது? மேற்கே மலையடிவாரத்தில் ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிற கிராமங்களில் கூட அனுமதி வாங்கிக் கட்டத்தான் செய்கிறார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு யாரோ போட்டிருப்பார்கள். அந்தப் புள்ளி கடைசியில் கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை, அந்த நிறுவனத்தின் பெயரை இழுக்கவும் விரும்பவில்லை. யார் செய்தார்கள் என்பதை விட, இது எவ்வளவு சுலபமாகச் செய்யக்கூடியது என்பதுதான் எனக்குக் கவலை. சோலார் தகடு இருக்கிறதா இல்லையா என்று மாடி ஏறிப் பார்த்துவிடலாம். அடர்த்தி அப்படி இல்லை, நாலு நாள் நடந்தவனுக்குத்தான் தெரியும், எங்கேயோ உட்கார்ந்து காகிதத்தைச் சரிபார்க்கிறவருக்கு அந்த 30 ஏக்கர் பூங்காவா புதரா என்று எப்படித் தெரியும்?

இதே கணக்கில் இன்னொரு குறை. கட்டடப் பரப்பு ஆட்களைக் காட்டாது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றி இருக்கிற லைன் வீடுகளைப் பாருங்கள், எங்கள் பக்கம் வளவு என்போம். பத்து சென்ட் இடத்தில் எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு வீடு, ஒவ்வொன்றும் 200 சதுர அடி, கடைசியில் இரண்டு கழிப்பறை, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மொத்தமே 2,400 சதுர அடி, சென்ட்டுக்கு 240, பரப்புக் கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறும். ஆனால் வீட்டுக் கணக்கில் பார்த்தால் ஏக்கருக்கு 120 வீடு, கேட்கிற 12-ஐப் போல பத்து மடங்கு. ஒவ்வொரு வீட்டிலும் நாலு பேர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் என்றால் ஆறு பேர் கூட இருப்பார்கள், அத்தனை பேரும் காலையில் நடந்தே கம்பெனிக்குப் போகிறார்கள். இதற்கு நேர்மாறாக, கோவையில் கேட் போட்ட வில்லாக்கள் இருக்கின்றன, நாலு சென்ட்டில் 2,200 சதுர அடி, சென்ட்டுக்கு 550 என்று கம்பீரமாகத் தேறும், ஆனால் சாயங்காலம் போய்ப் பார்த்தால் பத்தில் ஐந்து வீட்டில் விளக்கு எரியாது, உரிமையாளர் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். பூட்டிய வீடும் குடோனும் கணக்கில் முழுசாக ஏறுகின்றன. அங்கே காய்கறிக் கடை வைத்தால் யார் வாங்குவார்கள், பஸ் விட்டால் யார் ஏறுவார்கள்?

மின் இணைப்பை எண்ணலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததிலிருந்து ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று சர்வீஸ் வாங்கியவர்கள் நிறைய, அதனால் இணைப்பை எண்ணினால் ஏமாந்துவிடுவோம். கொஞ்சமாவது யூனிட் ஓடுகிற இணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்கலாம். வளவில் கதை தலைகீழ், சில இடத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். அங்கே நேரில் போய் எண்ணுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நடை தூரத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு அடர்த்தியை விட முக்கியமாகப் படுகிறது. நாலாம் பதிப்பில் கட்டடத்தின் முக்கிய வாசலில் இருந்து 800 மீட்டர் நடைக்குள் நாலு முதல் ஏழு வசதிகள் இருந்தால் 1 புள்ளி, எட்டு இருந்தால் 2. மளிகை, மருந்துக்கடை, பேங்க், கிளினிக், பள்ளிக்கூடம், கோயில், தபால் ஆபீஸ், பூங்கா இப்படி ஒரு பட்டியல். உழவர் சந்தை போன்ற விவசாயிகள் சந்தைக்கும் அதில் இடம் உண்டு, அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் ஊர்ப் பேக்கரிக்கும் டீக்கும் உணவகக் கணக்கில் இடம் கிடைத்துவிடும். ஆனால் வாசலிலேயே வந்து நிற்கிற காய்கறி வண்டி, இஸ்திரி வண்டி இதற்கெல்லாம் இடமில்லை, நம் தெருக்களில் பாதி வியாபாரம் அதில்தான் நடக்கிறது.

அந்த 800 மீட்டர் என்பது நடந்து போகிற வழியில் 800 மீட்டர். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது இல்லை. இதில்தான் அதிகமாகத் தப்பு நடக்கிறது. ஒரு வளாகத்தில் நானே நடந்து பார்த்தேன், பின்பக்கக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடையின் சிவப்பு போர்டு தெரிகிறது, நேர்க்கோட்டில் இருநூறு மீட்டர் இருக்கும். சுவரில் வழி இல்லை, பாதுகாப்புக்காக ஒரே கேட், அது முன்பக்கம் மெயின் ரோட்டில். கேட்டுக்கு வந்து, ரோட்டோரமாகவே நடந்து, குறுக்குத் தெருவில் திரும்பிக் கடைக்குப் போய்ச் சேர என் கடிகாரத்தில் பதினெட்டு நிமிஷம், தூரம் 1,400 மீட்டர். அப்படியானால் அந்தக் கடையை எண்ணக் கூடாது. அவிநாசி ரோட்டில் இன்னும் மோசம். பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டினோம், வண்டிகளுக்கு வசதி வந்தது, சரி, கீழே ஒரு பெரியவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போக வேண்டுமானால் நடுத்தடுப்பில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. 2009 முறையிலேயே, சுவரோ பெரிய சாலையோ மறிக்காமல் நடந்து போக முடிகிற வசதியைத்தான் எண்ண வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியதைக் கடைப்பிடித்தாலே போதும், ஒரு சிலர் புள்ளிக்காகவாவது பின் சுவரில் ஒரு சின்ன கேட் வைப்பார்கள், அது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரம்!

எனக்கு இந்தச் சான்றிதழ்கள் வேண்டும். இன்னும் நிறையக் கட்டடங்கள் வாங்க வேண்டும். ஆனால் சான்றிதழ் வாங்கிய ஒவ்வொரு கட்டடமும் தன் அடர்த்திக் கணக்கின் வரைபடத்தையும் அட்டவணையையும் வாசலில் ஒட்ட வேண்டும், புள்ளி மட்டும் போதாது, எந்தெந்த நிலத்தைக் கழித்தார்கள் என்று சர்வே நம்பரோடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த எருமை கட்டிய வீட்டு ஆத்தாவே பார்த்துச் சொல்லிவிடுவார்கள், இது பூங்கா இல்லை, கல் நட்ட சைட் என்று. மாநகராட்சியிடம் ஒவ்வொரு வரி விதிப்பு எண்ணுக்கும் கட்டடப் பரப்பு இருக்கிறது, அதை வைத்துத்தானே வரியே போடுகிறார்கள். பெயர், வரித்தொகை எதுவும் வேண்டாம், தெரு வாரியாக மொத்தப் பரப்பை மட்டும் வெளியிட்டால் எங்களைப் போன்றவர்கள் நாலு நாள் நடந்து எடுக்கிற கணக்கை யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் சரிபார்க்கலாம். திருப்பூர், ஈரோடு, சேலம் மாநகராட்சிகளுக்கும் இது பொருந்தும்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். அடுத்த முறை இப்படி ஒரு சான்றிதழ்ச் செய்தி வரும்போது நிருபரை மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சுற்றுவட்டாரத்தில் சென்ட்டுக்கு எத்தனை சதுர அடி? எந்த நிலத்தைக் கழித்தீர்கள்? வாசலில் இருந்து நடந்து போனால் மருந்துக்கடை எத்தனை நிமிஷம்? பதில் வந்தால் அதைப் போடுங்கள், வராவிட்டால் வரவில்லை என்று போடுங்கள். நம் பக்கத்துப் பத்திரிகைகளில் வீட்டு மனை விளம்பரத்துக்கு சென்ட் விலை போடாமல் இருந்ததே இல்லை, அதே சென்ட்டுக்கு இந்த எண்ணையும் போடலாம், படிக்கிறவர்களுக்கு உடனே புரியும்.

நிருபர் யாராவது இதைச் செய்யத் தயாராக இருந்தால் நான் கூட நடந்து காட்டுகிறேன், பணம் எதுவும் வேண்டாம். டவுன் ஹாலில் ஆரம்பித்து ஆர்.எஸ்.புரம் வழியாக ஒரு நாள், அப்புறம் கிழக்கே அந்த இட்டேரிப் பக்கம் ஒரு நாள். என் பழைய நோட்டும் ஸ்கெட்சும் பத்திரமாக இருக்கின்றன. காலை ஆறரைக்கு முன்னால் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் எண்ணி முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கட்டட வரைவாளர் ஒருவர்,
சிங்காநல்லூர், கோவை